ஆஸ்பத்திரியில் கொடுத்த லேப்டாப்

மிஷின் என்று எதைக் காட்டினாலும் தனக்கு அத்துப்படி என்று எக்ஸ்ரேக்காரருக்கு ஒரு நினைப்பு. இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லிப் படமெடுத்த மனிதர். பெரிய டாக்டர்களே அவர் படத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். அந்த மிதப்பு சாயங்காலம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். மிக்ஸி நின்றுபோனால் அவர்தான் முதலில் கழற்றுவார். அப்புறம் மனைவி சத்தமில்லாமல் தன் தம்பிக்குப் போன் போடுவாள்.

தம்பிக்குக் கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் லேப்டாப் ரிப்பேர் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். எந்நேரமும் சட்டைப்பையில் ஸ்க்ரூ கழற்றும் திருப்புளி ஒன்று செருகியிருப்பான். எக்ஸ்ரேக்காரர் அவனுக்குத் 'திருப்புளி' என்றே பேர் வைத்துவிட்டார். அதைச் சொல்லி அவர் சிரிப்பார், மனைவி சிரிக்கமாட்டாள்.

மகள் கல்லூரியில் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு லேப்டாப் வேண்டும் என்ற பேச்சு வந்தது. அவளுக்குக் கட்டுரை எழுத, எட்டாவது படிக்கும் பையனுக்குப் பாடம் பார்க்க, தையல் வேலை செய்யும் மனைவிக்குப் புது மாடல்களைப் பெரிய திரையில் பார்க்க. கட்டுப்படியான விலையில் ஒன்று போதும்.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"அவன்கிட்ட எதுக்கு? யாரோ தூக்கிப் போட்டதைத் துடைச்சுப் பளபளப்பாக்கி நம்ம தலையில கட்டவா?"

மகள் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள். மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் பெரிய கடைக்குப் போனார். ஏசி குளிர், கண்ணைப் பறிக்கும் விளக்குகள், வரிசையாகத் திறந்து வைத்த லேப்டாப்புகள். கழுத்தில் அட்டை மாட்டிய பெண் ஒருத்தி வந்து, "சார், ராம் நாலு ஜிபி போதுமா, எட்டு பார்க்கிறீங்களா? எஸ்எஸ்டி வேணுமா?" என்று கேட்டாள். அவருக்குப் பாதி புரியவில்லை. மகள் வயதுப் பெண்ணிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா. நீ அந்த வெள்ளிக் கலர்ல இருக்கிறதைக் காட்டு."

பெரிய திரை. சிலேட்டு மாதிரி மெலிசு. கூடவே ஒரு பையும் மவுஸும் இலவசம். வேறு எதையும் கேட்காமல் பில் போடச் சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு படத்தைத் திறக்கவே கொட்டாவி விட ஆரம்பித்தது. 'இடம் இல்லை, இடம் இல்லை' என்று திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. மகள் கட்டுரை அனுப்ப வேண்டிய கடைசி நாளன்று அது அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அவள் அழுதுகொண்டே தோழி வீட்டுக்கு ஓடினாள். பெரிய கடையில் போய்க் கேட்டதற்கு, "ரிப்பேர் எதுவும் இல்ல சார், இந்த மாடலே இவ்வளவுதான்," என்றார்கள்.

மறுநாள் வேலை முடிந்ததும் எக்ஸ்ரேக்காரர் லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு மாடிப்படிக் கடைக்குப் போனார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"வாங்க அத்தான்!" என்று மச்சினன் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "அக்கா சௌக்கியமா?"

"சௌக்கியம் மாப்ள. இது... ஆஸ்பத்திரியில கொடுத்தது. ரொம்ப மெதுவா ஓடுது. என்னன்னு பாரேன்."

வாயிலிருந்து பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே திக்கென்றது. மச்சினன் அதை வாங்கித் திருப்பினான். அடிப்பக்கத்தில் பெரிய கடையின் சிவப்பு ஸ்டிக்கர் பளிச்சென்று ஒட்டியிருந்தது. வாங்கிய தேதியோடு. அவன் ஒரு நொடி அதைப் பார்த்தான்.

"சரி அத்தான், பார்த்துடலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றத் தொடங்கினான். எக்ஸ்ரேக்காரருக்குக் காது மடல் சுட்டது.

அந்த நேரம் பார்த்துக் காக்கிச் சட்டையோடு ஒரு பஸ் கண்டக்டர் அம்மா வந்தார். வீட்டுக்கு லேப்டாப் வாங்க வேண்டுமாம், கையில் பெரிசாகப் பணம் இல்லையாம், ஒன்றும் தெரியாதாம். கூச்சமே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"தெரியாட்டி என்னம்மா? முதல்ல யார் யார் உட்காரப் போறீங்க, என்ன செய்யப் போறீங்க, அதைச் சொல்லுங்க," என்றான் மச்சினன். கேட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னான். "ராம் எட்டுக்குக் குறைஞ்சு வாங்காதீங்க, அதான் வேலை செய்யிற மேஜை. எஸ்எஸ்டி இருநூத்தம்பத்தாறாவது இருக்கட்டும், அதான் சாமான் வைக்கிற அலமாரி. பின்னாடி கழட்டி மாத்த முடியுமான்னு கேட்டுக்குங்க. கடையில நின்னபடியே நாலு வரி டைப் அடிச்சுப் பாருங்க. மூடித் திறந்து பாருங்க, கீல் ஆடக்கூடாது. மெலிசு, பளபளப்பு, இலவசப் பை, இதுக்கெல்லாம் மயங்காதீங்க."

ஒவ்வொரு வார்த்தையும் எக்ஸ்ரேக்காரர் முதுகில் விழுந்தது.

"உங்ககிட்ட பழசு இருக்கா தம்பி?"

"இருக்கு. ஆனா உங்க வீட்டுல மூணு பேர் உபயோகிக்கணும்னா புதுசே வாங்குங்க. லீவு நாள் சொல்லுங்க, நானே கூட வந்து பார்த்துத் தரேன். அதுக்குக் காசெல்லாம் வேண்டாம்."

கண்டக்டர் அம்மாவின் கண் மேஜைமேல் போனது. "இது நல்லா இருக்கே! சார், உங்களுதா? இதையே வாங்கலாமா?"

எக்ஸ்ரேக்காரர் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான். "அது ஆஸ்பத்திரியில கொடுத்ததும்மா. அவர் தேர்ந்தெடுத்தது இல்ல."

அவன் அவரைக் காட்டிக்கொடுத்திருந்தால் கூடத் தாங்கியிருப்பார். காப்பாற்றினானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா," என்றார். "நானே போய் வாங்கினதுதான். இவன்கிட்ட கேட்டா கௌரவக் குறைச்சல்னு நெனச்சேன். பழசை என் தலையில கட்டிடுவான்னு வீட்டுல பேசவும் பேசினேன். நீங்க இதை வாங்காதீங்க."

கண்டக்டர் அம்மா சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். மச்சினன் குனிந்தபடி உள்ளே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். "ராம் போர்டோட ஒட்டியே வருது அத்தான். சேர்க்க முடியாது. வேண்டாததையெல்லாம் எடுத்துடறேன். வெளியில மாட்டுற டிஸ்க் ஒண்ணு தரேன். பொண்ணு கட்டுரை எழுதப் போதும்," என்றான்.

"பேசினதை மனசுல வச்சுக்காத மாப்ள."

"பழசு விக்கிறவன்தானே நான், அதுல என்ன." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "அக்கா போன்ல கேட்டான்னு நல்லதா ஒண்ணு பார்த்து வச்சிருந்தேன். நீங்க வாங்கியாச்சுன்னு தெரிஞ்சதும் வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்."

எக்ஸ்ரேக்காரர் டிஸ்க்குக்குப் பணம் நீட்டினார். வாங்கமாட்டான் என்று நினைத்தார். அவன் வாங்கி, மற்ற வாடிக்கையாளர்களுக்குச் செய்வதுபோல ரசீது எழுதிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். பொய் சொன்னதையும், அவன் அதை மூடி மறைத்ததையும், ரசீதையும். அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவன் சாப்பிட்டானா?" என்றாள் கடைசியில்.

அதை அவர் கேட்கவே இல்லை.