கதாநாயகிக்கு என்ன நட்சத்திரம்

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுவதுதான் என் பிழைப்பு. உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் "இன்னா வேலை பண்ற?" என்று யாராவது கேட்டால் "கதை எழுதறேன்" என்பேன். "அது கெடக்கட்டும், வேலை இன்னா?" என்று மறுபடியும் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுதியதை ஒவ்வொரு அத்தியாயமாக வாய்விட்டுப் படித்து, எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவேன். சும்மா சொல்லக் கூடாது, ராட்சசி அவள். பிடிக்காவிட்டால் பாதியிலேயே நிறுத்திவிட்டு "மொக்கையா கீதுக்கா" என்று பதில் போடுவாள். திட்டிக்கொண்டே அந்த இடத்தை வெட்டிவிடுவேன்.

போன வருஷம் எழுதிய நாவலில், மாவட்ட அணிக்குக் கபடி ஆடப் போகிற பெண்ணை வரப்பில் கட்டுவிரியன் கடித்துவிடுகிறது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதோடு கடைசிக்கு முந்தின அத்தியாயம் முடியும். கடைசி அத்தியாயத்தில் செத்துப்போகிறாள். எழுதும்போது நானே அழுதேன். பதிப்பக ஆசிரியர் படித்துவிட்டு, "இந்த முடிவுக்காகவே புத்தகம் பேசப்படும், ஒரு வரி மாத்தாதீங்க" என்றார். என் முந்தைய புத்தகங்களை யாரும் சீந்தவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆஸ்பத்திரி அத்தியாயத்தை அனுப்பிய மறுநாள் அந்தப் பெண் போன் செய்தாள். பின்னால் ஏகப்பட்ட குரல்கள்.

"அக்கா, அந்தப் பொண்ணுக்கு இன்னா நட்சத்திரம்?"

"எந்தப் பொண்ணு?"

"உன் கதையில ஆஸ்பத்திரில கெடக்குதே, அது."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. லீவு நாளில் அவள் தன் அம்மாவோடு வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறாள். கழனியில் என் பதிவுகளை ஸ்பீக்கரில் போட, அங்கே வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பாம்பு கடித்த இடம் வந்ததும் ஒருத்தருக்கும் கை ஓடவில்லையாம். அவள் பிழைக்க வேண்டும் என்று ஊர் அம்மனுக்கு வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்வதாக முடிவெடுத்துவிட்டார்கள். அர்ச்சனைக்குப் பேர் மட்டும் போதாதே.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவளுடைய ஷூ சைஸ் வரைக்கும் யோசித்தவள் நான். எந்த நட்சத்திரத்தில் பிறந்தாள் என்று யோசித்ததே இல்லை. "தெரியலடி" என்றேன்.

வெள்ளிக்கிழமை நானும் கோயிலுக்குப் போனேன். கழனியிலிருந்து நேராகக் கைகால் கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள். பூசாரி பேர் கேட்டார், சொன்னார்கள். நட்சத்திரம் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெற்றவளே நான்தான் என்பது போல அத்தனை பேரும் பார்க்க, திருதிருவென்று விழித்தேன்.

"சதயம்" என்றாள் அந்தப் பெண், பட்டென்று.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று காதோரம் கேட்டேன்.

"என்னுது. அதுவும் வச்சிக்கட்டும், இன்னா இப்போ?"

சாகக் கிடக்கிறவளுக்கு மகளின் நட்சத்திரத்தைக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? அவள் அம்மா இதோ தடுப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாடி! நான் அறையில் உட்கார்ந்து கட்டிவிட்ட பெண்ணுக்காக வேண்டிக்கொள்ள இவ்வளவு பேர். அதுவரை நான் எழுதுவது இன்னதென்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் பொறுக்க முடியாமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "அடியே, கடைசி அத்தியாயம் எழுதி முடிச்சாச்சு. அவ செத்துட்டா."

அழுவாள், இல்லையென்றால் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தாள்.

"உன்னையா கேட்டோம்? அம்மனத்தான கேட்டோம். நீ போய் எழுதற வேலையப் பாரு."

மறுநாள் பதிப்பக ஆசிரியரைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு பிழைச்சுட்டா சார்" என்றேன்.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?" என்று கத்தினார்.

"நான் மாத்தலை சார்" என்றேன்.