பிக்கப் யாரு?

சென்னை ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்த புதிதில், எதிர்க் கடைக்காரர் தன் பழைய ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, "வண்டில பிக்கப்பே இல்லம்மா" என்றார். விளங்காமலேயே தலையாட்டினேன். அன்று மாலை, கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அக்கா தன் மகள் போனைப் பிக்கப் பண்ணுவதே இல்லை என்று குறைப்பட்டார். கடைக்காரருக்கோ வெயில் வந்தால் மோர் வியாபாரம் பிக்கப் ஆகிவிடுமாம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் இந்தச் சொல்லை வீட்டுச் சாமான் மாதிரிப் புழங்கினார்கள். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. யாழ்ப்பாணத்தில் பிக்கப் என்றால் ஒரு வாகனம். பின்பக்கம் திறந்திருக்கும், அதில் துப்பாக்கியோடு ஆட்கள் நின்றுகொண்டு வருவார்கள். அது எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டால், முற்றத்தில் விளையாடும் பிள்ளையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவோம்.

என் கணவர் லண்டனில் இருக்கிறார். விசா வரும்வரை நானும் மகள் ஆரணியும் இங்கே. இதை வாசிக்கிறவர்களில் பலர் என்னைப் போல நடுவழியில் நிற்பவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கு இந்த நாட்களைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வாடகைக்குக் கட்டில் எடுத்தாலும் பெரிய அலுமாரி வாங்க மனம் வராது. 'அங்கே வந்தால் உதவும்' என்று கணவர் சொன்னதால், தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். ஒருநாள் மிஸ் பலகையில் பிக் அப் என்று எழுதி, அதன் பொருள்களைச் சொன்னார். கீழே விழுந்ததை எடுப்பது, வழியில் சாமான் வாங்குவது, போனை எடுப்பது, ஒரு பாஷையைக் கேட்டுக் கேட்டே பழகுவது, காத்திருப்பவரைப் போய்க் கூட்டி வருவது. "ரொம்ப ஈஸிமா, டெய்லி யூஸ் பண்றதுதானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சற்றுப் பிந்தி.

பாஷை பழகுவதில் ஆரணி என்னை முந்திவிட்டாள். எல்.கே.ஜி. சேர்ந்து கொஞ்ச நாளிலேயே, லண்டனிலிருந்து வந்த போனில் அப்பாவிடம், "இன்னா பண்ற நைனா?" என்று கேட்டாள். அவர் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "பிள்ளை என்ன பாசை கதைக்குது?" என்றார். நான் என்ன செய்ய? வீட்டில் திருத்தினால் வெளியில் அவளைக் கேலி செய்வார்கள். திருத்தாவிட்டால் தகப்பனுக்கு அந்நியமாகிவிடுவாள். இன்றுவரை ஒருநாள் திருத்துகிறேன், மறுநாள் விட்டுவிடுகிறேன்.

வகுப்பு நேரம் மாறியபோது, ஆரணியைப் பள்ளிக்கூட ஆட்டோவில் விட வேண்டி வந்தது. சேகர் அண்ணாவின் ஆட்டோவில் பிள்ளைகள் மடிமேல் மடியாக இருப்பார்கள். பைகள் வெளியே தொங்கும். முதல் கிழமையிலேயே ஒருநாள் தாம்பரத்தில் பஸ் கிடைக்காமல் பிந்தி வந்தேன். வீடு பூட்டியிருந்தது. ஹவுஸ் ஓனர் அக்காவும் இல்லை. ஆட்டோ வந்து போய்விட்டதென்று கடைக்காரர் சொன்னார். பிள்ளை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. சேகர் அண்ணாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. தெருவில் ஓடும்போது செருப்பு கழன்றுபோனது பிறகுதான் தெரிந்தது. மூலையில் ஆட்டோவைக் கண்டு மறித்தேன்.

"என்ர பிள்ளையை ஆரிட்டை விட்டனீங்கள்?"

"இன்னாக்கா சொல்றீங்க? மலையாளமா?"

"என்ர பிள்ளை எங்கை?"

"பாப்பாவா? வூடு பூட்டிக்கினு இருந்துச்சு. ரோட்லயா வுட முடியும்? பாய் வூட்ல வுட்டேன். சோறு துன்னுகினு கீது, போய்ப் பாருங்க."

பாய் வீடு என்றது பாத்திமா அக்கா வீட்டை. எங்கள் தெருவின் கடைசி வீடு. நான் அதுவரை அவருடன் பேசியதுகூட இல்லை. கதவு திறந்தே இருந்தது. ஆரணி அவருடைய பிள்ளைகளுக்கு நடுவில் சப்பணம் கட்டி இருந்து முட்டை தின்றுகொண்டிருந்தாள். நான் நன்றி சொல்லவில்லை. அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் ஆட்டோவை நிறுத்தினேன், வகுப்பையும்.

அவர்களில் யாருக்கும் நான் ஏன் அப்படி நடந்தேன் என்று தெரியாது. ஊரில் ஆரணியை முன்பள்ளியிலிருந்து சைக்கிள் பாரில் இருத்திக் கூட்டி வந்தவன் என் தம்பி. ஒருநாள் எங்கள் வாசல் படலைக்கு முன்னால் வைத்து அவனைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில நாட்களில் விட்டுவிட்டார்கள். வந்தவன் பிறகு படலையைத் தாண்டவேயில்லை. கேட்டால், ஒன்றுமில்லை அக்கா என்பான். 'ஒருவரிடம் விட்டேன், பத்திரமாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பும் பழக்கம் அன்றோடு எனக்கு விட்டுப்போனது.

ஆரணி தினமும் காலையில் ஆட்டோ போவதைப் பார்த்து அழுதாள். கணவர் போனில், "இஞ்சை வந்தா ஆரோ தெரியாத ஒரு வெள்ளைக்காரியிட்டைப் பிள்ளையை விட்டிட்டுத்தான் வேலைக்குப் போகவேணும். அப்ப என்ன செய்வாய்?" என்றார். பிறகு ஒருநாள் கடை வாசலில் பாத்திமா அக்கா என்னை மறித்தார்.

"ஏம்மா, நான் என்ன புள்ள புடிக்கிறவளா? அன்னிக்கு அப்படி இழுத்துட்டுப் போற. குழந்தை பாதி முட்டையோட எழுந்து போச்சு."

"குறை நினைக்காதேங்கோ அக்கா. பயந்திட்டன்."

"பயம் எல்லாருக்கும்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரர் கேளம்பாக்கத்துல கடை வெச்சிருக்காரு, நானும் கூடப் போய் நிக்கிறேன். நான் வர லேட்டானா என் பசங்க உங்க ஹவுஸ் ஓனரம்மா கிட்டதான் இருக்குதுங்க. போன வாரம் அவங்க இல்லாதப்ப பசங்க உன் வீட்டுக் கதவைத் தட்டுனாங்க. நீ திறக்கல."

உண்மைதான். தட்டிய சத்தம் கேட்டது. யாரோ என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். வெளியில் நின்றவர்கள் பிள்ளைகள்.

அடுத்த திங்கட்கிழமை ஆரணியை மறுபடி ஆட்டோவில் ஏற்றினேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று அப்போதும் தெரியவில்லை. சேகர் அண்ணா என்மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பிக்கப் யாரு? நீங்க இல்லாட்டி யார்கிட்ட வுடணும், ரெண்டு பேரு சொல்லிடுங்கக்கா. அப்பால சண்டைக்கு வரக் கூடாது."

"பாத்திமா அக்கா" என்றேன்.

"பாயம்மா. சரி, இன்னொரு ஆளு?"

பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் உறுமியது. யோசிக்கும் முன்பே என் வாய் சொல்லிவிட்டது: "தம்பி."

"உங்க தம்பியா? எந்தத் தெரு?"

நான் தெருவைப் பார்த்தேன். வாய் திறந்து, அவன் யாழ்ப்பாணத்தில் என்றேன். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் விளங்கியவர் போலத் தலையாட்டினார்.

"சரிக்கா. அவரு ரெடியா நிக்கட்டும், சொல்லி வெச்சிடுங்க" என்றபடி ஆட்டோவை எடுத்தார்.