தண்ணீரை மிஞ்சிய எண்

மெழுகுவர்த்திக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘நாலு புள்ளி அக்கா’ என்றால்தான் தெரியும். மாடியில் ஆய்வுக்கூடம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சின்ன அறை. ஒரு தராசு, இரண்டு வெப்பமானி, கால் ஆடும் மேசை, அவ்வளவுதான். மெழுகு விற்பவர்கள் அனுப்பும் தாளில் இருக்கும் தன்வெப்ப எண்ணை மாற்றித் தருவது அவள் வேலை. ஒரு கிலோ மெழுகு ஒரு டிகிரி சூடேற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதுதான் அந்த எண். தாள் அதைக் கிலோகலோரியில் சொல்லும். கீழே மெழுகு உருக்கும் கொப்பரை இயந்திரத்துக்குக் கிலோஜூல்தான் புரியும். நாலு புள்ளி ஒன்று எட்டு ஆறால் பெருக்க வேண்டும். அரை என்று வந்தால் இரண்டு புள்ளி ஒன்று என்று சீட்டில் எழுதிக் கீழே அனுப்புவாள். பத்தொன்பது வருடமாக இதே கதை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

அந்தக் கொப்பரையை ஓட்டியவர் அவள் கணவர். சீட்டு வாங்க மாடிக்கு வந்தவர், சீட்டு தேவைப்படாத நாளிலும் வர ஆரம்பித்தார். கம்பெனியே சிரித்து ஓய்ந்தபிறகு கல்யாணம் நடந்தது. மனுஷர் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்வார். எண்ணைக் கண்டால் மட்டும் அவருக்குக் கூச்சம்.

ஒரு சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் நின்றதில் கால் விண்விண் என்று தெறித்தது. அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“ஒவ்வொரு தடவையும் உன்கிட்ட ஓடி வரணுமா? அந்தக் கணக்கை எனக்கும் சொல்லிக் குடேன்.”

“அதுல என்ன இருக்கு? எந்த எண் வந்தாலும் நாலு புள்ளி ஒண்ணு எட்டு ஆறால பெருக்குங்க. முடிஞ்சது.”

“ஏன் பெருக்கணும்?”

“ஏன் எதுக்குன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? பெருக்கினா போதும்.”

அவர் சிரித்துக்கொண்டே அதைச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாளிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. தாள் வந்தவுடன் தானே பெருக்கி, சீட்டை மாடிக்கு எடுத்து வந்து அவள் முன்னால் நீட்டுவார். அவள் பார்த்துச் ‘சரி’ போடுவாள். அந்தச் ‘சரி’க்காக ஐம்பது வயது மனுஷர் காத்து நிற்பார்.

காய்ச்சல் என்று அவள் லீவு போட்டது ஒரே ஒரு நாள். அன்று பார்த்துப் புது ஆள் ஒருவரிடமிருந்து மெழுகு வந்தது. அந்த ஆள் தாளில் எண்ணை முன்பே கிலோஜூலில் போட்டிருந்தார்: இரண்டு புள்ளி ஒன்று. எறும்பு எழுத்தில் அலகும் பக்கத்திலேயே இருந்தது. அலகைப் பார்க்க வேண்டும் என்று கணவருக்கு யார் சொன்னார்கள்? நோட்டில் இருந்தபடி பெருக்கி, எட்டு புள்ளி ஏழு ஒன்பது என்று இயந்திரத்தில் அழுத்தினார். கொப்பரையின் வெப்பமானியைப் பழுது பார்க்கக் கழற்றிக்கொண்டு போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து கணக்கை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. நாற்பது டிகிரி ஏற வேண்டிய மெழுகு நூற்றறுபதையும் தாண்டி ஏறிப் பற்றிக்கொண்டது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு வந்தது. கட்டுக்கு வெளியே உதடு மட்டும்தான் தெரிந்தது.

“பெருக்கல்ல தப்பு விட்டுட்டேனா?”

“இல்லைங்க. சரியாத்தான் இருக்கும்.”

“நீ பாரு. பார்த்துட்டு சொல்லு.”

சொல்வதற்குள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் கம்பெனியில் அவர் சட்டை மாற்றி வைக்கும் அலமாரியைத் திறந்தாள். மாட்டியிருந்த சட்டைப்பையில் அன்று அவர் பெருக்கிய சீட்டு இருந்தது. மூன்று தடவை பெருக்கிப் பார்த்தாள். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. ஆனால் அன்று அவள் வேலைக்கு வந்திருந்தால், விடையைப் பார்த்த மாத்திரத்தில் அலறியிருப்பாள். அந்தக் கம்பெனியில் புழங்கும் எதுவும் தண்ணீரை மிஞ்சிச் சூட்டை வாங்காது. தண்ணீருக்கே நாலு புள்ளி ஒன்று எட்டு ஆறுதான். மெழுகு எங்கே, எட்டு எங்கே? இந்த ஒரு வரியை மட்டும் சொல்லியிருந்தால், அவர் சீட்டோடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பார். மெழுகு அதுபாட்டுக்குக் கிடந்திருக்கும்.

விசாரணை அதிகாரி அறிக்கை எழுதுவதாகவும், ‘விபத்துக்குக் காரணம் இயந்திரம் ஓட்டியவரின் அறியாமை’ என்று முடிக்கப் போவதாகவும் ஆபீஸ் கிளார்க் வந்து சொன்னார். பழுதான வெப்பமானிக்கு அரை வரியாம். சீட்டை எடுத்துக்கொண்டு நேரே அதிகாரி அறைக்குப் போனாள்.

“அறியாமைன்னு எழுதாதீங்க சார். என் பேரை எழுதுங்க. எண்ணை மாத்தித் தர வேண்டிய ஆள் நான்தான். கண்ணை மூடிக்கிட்டுப் பெருக்குங்கன்னு சொன்னதும் நான்தான்.”

அதிகாரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர்தான்.

“இப்படி எழுதினா உங்க வேலை போயிடும்மா.”

“போகட்டும் சார்.”

“உங்க மேல தப்பு இருக்கட்டும். பல வருஷம் கொப்பரை ஓட்டினவர். அந்தக் கணக்கு எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்கலைன்னா அதுக்குப் பேர் அறியாமைதானே?”

அவள் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

“கேட்டார் சார்,” என்றாள். “நான்தான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன்.”