கல்லுக்குத் துடக்கில்லை

நாரந்தனையில் எங்கள் பக்கத்து வளவுச் சிநேகிதியும் நானும் ஒரே வகுப்பு, ஒட்டி இருப்பதும் ஒரே வாங்கில்தான். அவள் பெரியபிள்ளையானதும் தண்ணீர் வார்க்கும் நாள்வரை அறை மூலையில் பாய் போட்டு இருத்திவிட்டார்கள். யாரும் அவளைத் தொடக்கூடாது, துடக்காம். கோதாரி விழுந்த துடக்கு! அதற்கு முதல்நாள்தான் ஒரே மாங்காயை மாறி மாறிக் கடித்துத் தின்றிருந்தோம்.

பள்ளிக்கூடம் விட்டதும் நாலைந்து பெட்டைகள் போய் அந்த அறை வாசலில் குந்துவோம். எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது? நடுவில் ஒரு பழைய பனையோலைக் கடகத்தை வைத்து, நாங்கள் வாசலிலிருந்தும் அவள் மூலையிலிருந்தும் அதற்குள் எறிந்து விளையாடத் தொடங்கினோம். முதலில் துணிப்பந்துதான் கொண்டுபோனோம். அவளுடைய தாய் பதறிப்போனார்.

"துணியிலை துடக்குப் பிடிக்கும் பிள்ளையள். கல்லெண்டால் பறவாயில்லை."

ஆகவே கொக்கான் வெட்டி விளையாடுகிற சின்னக் கற்களை எடுத்தோம். அவளுக்குக் குறி தப்பாது. நாங்கள் எறிவது சுவரில் பட்டுத் தெறிக்கும்.

"எடியே, உனக்குக் கண் பிடரியிலையோ?" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

தெற்கே கடை வைத்திருந்த அவளுடைய தகப்பனார் தண்ணீர்வார்ப்புச் சடங்குக்கு வரவிருந்தார். அவளை மறுபடி பள்ளிக்கூடம் விடுவதா இல்லையா என்பது அவர் வாயில்தான் இருந்தது. அவளுக்கோ ரீச்சராக வேண்டுமென்று ஒரே ஆசை. கடைசி நாள் கற்களைக் கையில் பொத்திக்கொண்டு, "எல்லாம் உள்ளுக்கை விழுந்தால் ஐயா ஓம் எண்டுவார்" என்றாள். ஒவ்வொன்றாக எறிந்தாள். ஒன்றுகூட வெளியே போகவில்லை. நாங்கள் போட்ட கூச்சலில் தாய் குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார்.

சடங்கு முடிந்த பின்னேரமே தகப்பனார் சொல்லிவிட்டார்.

"படிச்சது காணும். பெட்டைக்கோழி கூவியே பொழுது விடியப்போகுது?"

அந்த மனிசனோடு யார் வாய் கொடுப்பது? இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே அவளிடம் போனேன். இனித் தொடலாம். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது இதை மட்டும்தான்.

"வாங்கிலை என்ர இடத்திலை இப்ப ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லையடி" என்றேன்.

அன்று காலையிலேயே ரீச்சர் அங்கே வேறொரு பிள்ளையை இருத்திவிட்டார்.