பம்பாய் மேட்டில் அடித்த குளிர்

நானும் செல்வராஜும் சங்கரன்கோவிலில் ஒரே அலுவலகத்தில் குமாஸ்தாக்கள். தினமும் காலையில் புளியங்குடி ரோட்டில் ஓடிப் பழகியவர்கள். அந்தத் தைரியத்தில், சில வருடங்களுக்கு முன் பம்பாயில் நடந்த மாரத்தான் ஓட்டத்துக்குப் போனோம்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அடுக்குமாடிக் கட்டடங்கள். வேடிக்கை பார்த்தபடியே ஓடினேன். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று, வழியில் நீட்டிய தண்ணீரையெல்லாம் வேண்டாமென்று கையசைத்துவிட்டேன். மேட்டுச் சாலையில் ஏறும்போது திடீரென்று குளிர ஆரம்பித்தது. கடல் காற்று என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை. கண் விழித்தபோது நடைபாதை நிழலில் கிடந்தேன். செல்வராஜ் என் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ஒடம்பு நெருப்பா கொதிக்கி, ஒரு பொட்டு வேர்வை இல்ல. யாருகிட்டலே பேசிக்கிட்டு வந்த?"

"நான் யாருகிட்டயும் பேசலயே."

"'அண்ணே, நில்லு, நானும் வாரேன்'னு மேடு முழுக்கச் சொல்லிக்கிட்டே வந்தியேலே!"

அவன் முகம் வெளுத்திருந்தது. என் அண்ணன் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

வெயில் தாக்கியதால் வந்த பிதற்றல் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் பிழைத்திருக்க மாட்டேனாம். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனால் அண்ணன் என்ன பதில் சொன்னான் என்ற யோசனை மட்டும் விடவில்லை.

இப்போது தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிக்கிறேன். வெயிலில் உடம்பு சிலிர்த்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன். செல்வராஜ் வராத காலைகளில் ஓடப் போவதே இல்லை. அண்ணன் கூப்பிட்டால் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.