மேகத்துக்குள் போன துஷ்யந்தன்

பிள்ளைகளே, அப்பா டவுனில் பெனர் கடையில் படம் கீறுகிற வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அங்கே நான் விட்ட ஒரு பிழையை எழுதிவைக்கிறேன்.

ஒரு காலை, கையில் கிளினிக் கொப்பியோடு ஒரு அம்மா கடை வாசலில் வந்து நின்றார்.

"என்ட மகன்ட பெட்டி எப்ப வருது தம்பி?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விரலை நீட்டினார். வாசலில் நான் தொங்கவிட்டிருந்த பெனர். அப்படியே படியில் சரிந்துவிட்டார்.

அந்தப் பெனரின் கதை இதுதான். வெல்லாவெளிப் பொடியன் துஷ்யந்தன் மாலைதீவில் ஒரு கிளப்புக்குச் சம்பளத்துக்குக் கூடைப்பந்து விளையாடுகிறான். அவன் ஊருக்கு வரப்போகிறான் என்று பழைய கூட்டாளிகள் வரவேற்புப் பெனர் கேட்டார்கள். அவர்களின் தலைவர் ரமணன் சொன்னார்:

"அண்ணே, போட்டோவ அப்பிடியே போட்டுராதீங்க. பறக்கிற மாதிரி, கற்பனையாக் கீறுங்க. பாக்கிற ஆக்கள் வாயப் பொளக்கணும்."

மூன்று நாள் கீறினேன். தலைக்குப் பின்னால் பந்தைச் சூரியன் மாதிரி எரியவிட்டேன். காலுக்குக் கீழே, தூரத்தில், வாவி. மேகத்தைப் புதிதாகக் கீறப் பஞ்சி, சோம்பல். எங்கள் கடையில் பாதிக்கு மேல் மரணப் பெனர்தான். அதற்கென்று கொம்பியூட்டரில் வைத்திருக்கிற மேகத்தை எடுத்துப் போட்டேன். வரவேற்பு வசனத்தை ரமணன் இன்னும் தரவில்லை. பெயரை மட்டும் போட்டு ஒன்று அடித்து, அவர் வந்து பார்க்கட்டும் என்று வாசலில் கட்டினேன்.

இப்போது அந்தத் தாயின் பக்கத்தில் குந்தியிருந்து பெனரைப் பார்த்தேன். மேகம், தலையைச் சுற்றி ஒளி, நிலத்தில் படாத கால், கீழே பெயர். மரணப் பெனரேதான்; அவர் கேட்டது சவப்பெட்டியை.

"அம்மா, மகன் சுகமா இருக்கார். இது வரவேற்புக்குக் கீறின படம்."

"மறைக்காதீங்க மனே. பக்கத்து வீட்டுப் பொடியன் கட்டாரில செத்தப்பவும் தாய்க்குத்தான் கடைசியாச் சொன்னவங்க."

அவருடைய போனை வாங்கி மகனுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. நாலு தரம். ரமணனுக்கு அடித்தேன்.

"முந்தநாள் மெசேஜ் போட்டவன் அண்ணே. மறுகா ஒண்டும் வரல்ல. ஏன், என்ன?"

அவர் குரலும் மாறிவிட்டது. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. நான் துஷ்யந்தனை ஒரு நாளும் கண்டதில்லை. எதை வைத்துச் சுகமாக இருக்கிறார் என்று சொன்னேன்? பக்கத்துத் தையல் கடை அக்கா தண்ணீர் கொண்டுவந்தவர், தாயைப் பார்த்துத் தானும் அழத் தொடங்கிவிட்டார். தெருவில் சனம் கூடியது.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். போன் அடித்தது. வீடியோ கோல். வேர்வை வடிகிற முகம்.

"என்னம்மா, இத்தின தரம் அடிச்சிருக்கீங்க? பிரக்டிஸ்ல இருந்தன்."

தாய் எட்டி வாங்கினார். போனைக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, உங்கட காதுதான் தெரியுது. போனக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க."

அதற்குப் பிறகுதான் அவர் சத்தமாக அழுதார். நான் ஏணியை வைத்துப் பெனரைக் கழற்றினேன். எனக்கு ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"அவன்ட முகத்த அச்சொட்டாக் கீறியிருக்கீங்க தம்பி. கால மட்டும் நிலத்தில வெச்சுக் கீறுங்க."

அன்றைக்கே மேகத்தை எடுத்துவிட்டு, சீமெந்துத் தரையில் ஒரு கால் ஊன்றி எம்புகிற மாதிரித் திருப்பிக் கீறினேன். வீடு தேடிப் போய் அந்தத் தாய்க்குத்தான் முதலில் காட்டினேன். பிறகு ரமணன் பார்த்தார்.

"என்னண்ணே, பறக்கவிடச் சொன்னனே?"

"தாய் விடல்ல" என்றேன்.

ஒருவருடைய படத்தைத் தெருவுக்குக் காட்ட முதல் அவருடைய வீட்டுக்குக் காட்ட வேண்டும், பிள்ளைகளே. அதை நான் ஒரு தாயை விழுத்தித்தான் படித்தேன்.