வட்டையில் நெல் நிற்கும்போது வரும் நத்தார்

எங்கள் வீட்டில் நத்தார் என்றால் நான் இல்லாத நாள். மார்கழியில் வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டைகளில் நெல் பச்சையாக நிற்கும். மாடுகள் எந்தத் திகதிக்குள் வயல்வெளியை விட்டுப் போகவேண்டும் என்று விதைப்புக்கு முன் நடக்கும் கூட்டத்தில் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு மேற்கே காட்டோர மேய்ச்சல் தரையில் பட்டி போட்டு, அறுவடை முடியும்வரை அங்கேயே கிடப்போம். ஒரு மாடு தப்பி வந்து வயலில் வாய் வைத்தாலும் ஊரே பேசும். அதனால் கல்யாணம் முடித்த நாளிலிருந்து என் மனைவி இயேசு பிறந்த இரவின் நத்தார்ப் பூசைக்குப் பிள்ளைகளோடு தனியாகத்தான் போய்வந்தாள்.

போன வருடம் மாடுகளை மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவதற்கு முந்தின நாள், அவளுடைய தம்பி செங்கலடியிலிருந்து வந்திருந்தான். அவன் சில வருடங்களாக வேறொரு சபைக்குப் போகிறான். அங்கே நத்தார் கொண்டாடுவதில்லை. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, இயேசு மார்கழியில் பிறக்கவே இல்லை என்று தொடங்கினான். இயேசு பிறந்ததைத் தூதன் வந்து சொன்னது இரவில் மந்தை காத்துக் கிடந்த மேய்ப்பர்களுக்கு, பெத்லகேமில் மார்கழி என்றால் குளிரும் மழையும், எந்த மேய்ப்பன் மந்தையோடு வெளியில் கிடப்பான் என்று கேட்டான். வழக்கமாக இதற்கு அவனோடு சண்டை பிடிக்கும் என் மனைவி அன்று கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப மார்கழிதான் எண்டு ஒரு கட்டாயமும் இல்லயா?”

“இல்லக்கா. வேதத்தில மாசமே எழுதல்ல.”

“நல்லதாப் போச்சு. இந்த முறை நத்தாரப் பங்குனியில வைப்பம். மாடும் வந்திரும், இந்த மனிசனும் வந்திருவார்.”

தம்பிக்குத் தேத்தண்ணீர் புரையேறிவிட்டது. நத்தாரைக் கைவிடச் சொல்ல வந்தவன் அவன். அவளோ அதைத் தூக்கி வேறு மாதத்தில் வைத்துவிட்டாள்.

ஏறாவூரிலிருந்து தயிர் எடுக்க வரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், முற்றத்தில் சட்டிகளை அடுக்கிக்கொண்டு நின்றார். அவரும் சேர்ந்துகொண்டார். ஈசா நபி பிறக்கும் நேரம் மர்யம் அம்மா பேரீச்ச மரத்தை உலுக்கப் பழுத்த பழம் விழுந்தது என்று தங்கள் வேதத்தில் இருப்பதாகச் சொன்னார்.

“நான் சவூதியில ஒம்பது வருசம் நிண்டவன், தங்கச்சி. பேரீச்ச பழுக்கிறது நல்ல வெயிலுக்கு. மார்கழியில உலுக்கினா ஓலதான் விழும்.”

இரண்டு சாட்சி கிடைத்த சந்தோசத்தில் அவள் எத்தனை கோழி வேண்டும் என்று எண்ணத் தொடங்கிவிட்டாள். பங்குனி தவக்காலமாயிற்றே, இறைச்சி எப்படி ஆக்குவாய் என்று தம்பி சிரித்தபோதுதான் அது அவளுக்கு நினைவு வந்தது. அப்படியென்றால் சித்திரை என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்களன்” என்றாள்.

நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வேதத்தைப் பற்றி என்ன தெரியும். ஆனால் பேச்சு மாடு காக்கிறவர்களைப் பற்றியது. தயிர்ச் சட்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“வெயில் காலத்தில நாங்க ராவில மாட்டோட கிடக்கிறல்ல. அறுத்த வயலில அது தன்பாட்டில மேயும், நாங்க வீட்ட படுப்பம். அந்தத் தூதன் சித்திரையில வந்தா மாட்டுக்கிட்டத்தான் சொல்லிப்போட்டுப் போகோணும். மார்கழியில வந்தாத்தான் நாங்க முழிச்சிக்கிட்டு இரிப்பம்.”

காக்கா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பெத்லகேமில் ஏது வட்டை என்று தம்பி கேட்டான். அது எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் அங்கேயும் ஆட்கள் விதைத்திருந்தால், மந்தைக்காரர் எங்கேயாவது வெளியில்தானே கிடந்திருக்க வேண்டும்?

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதுதான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது. அவள் என்னை வீட்டில் வைத்துக்கொள்ளத் தேடிய நாளை, நானே பேசி, நான் இல்லாத மாதத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய் விட்டிருந்தேன். விடிய வெளிக்கிடும்போது சோற்றுப் பொதியைக் கையில் தந்து, “மார்கழிதான் எண்டா மார்கழிதான்” என்றாள். கோபம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

நத்தார் அன்று காலை பத்து மணியளவில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. பட்டிக்கு அப்பால் உழவு இயந்திரச் சத்தம் கேட்டது. அது இழுத்து வந்த பெட்டிக்குள் மழைத் தறப்பாளின் கீழே என் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். நடுவில் சோற்றுப் பானையும் கோழிக்கறிச் சட்டியும். ஓட்டி வந்தது அவளுடைய தம்பி. முகம்வரை சேறு. பாதையில் இரண்டு தரம் புதைந்ததாம். தான் நத்தாருக்கு வரவில்லை, ஓட்டத்தான் வந்தேன் என்று இறங்கும் முன்பே சொல்லிவிட்டான்.

“ஓம், ஓம். அவருக்கு நத்தார் வேணாம். சோறு மட்டும் போடுவம்” என்றாள் அவள்.

எங்கள் வாடிக்குள் எல்லோரும் கால் மடக்க இடமில்லாமல் நெருங்கி இருந்து சாப்பிட்டோம். கூரை ஒழுகியது. என் சின்ன மகள் கன்றுக்குட்டி ஒன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வர மறுத்தாள். என் மனைவி எனக்கு மூன்றாம் தரமும் கறி போட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தம்பியும் மூன்று தரம் சாப்பிட்டான். கை கழுவிக்கொண்டே பாதையைப் பார்த்தவன், “அடுத்த வருசம் நத்தாருக்கு முதல் நாளே வெளிக்கிடோணும் மச்சான், இந்தப் பாத சரிவராது” என்றான்.

நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவனுக்கு யாரும் எதையும் ஞாபகப்படுத்தவில்லை.